எம்ஆர்2 சூட்டைக் குறைக்க, முதலில் கையில் எடுக்க வேண்டியது தண்ணீர்க் குழாய்தான்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மதிய வெயிலில் செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் பாருங்கள், டொயோட்டா எம்ஆர்2 காடியின் பின்மூடியில் கை வைக்க முடியாது. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டரோ முன்னால். வேகம் குறைந்தால் பின்பக்கச் சூடு அங்கேயே தேங்கி நிற்கும்.

பெரிய பம்பர், புது ஹூட் எல்லாம் அப்புறம். முதலில் ரேடியேட்டரைக் கழுவுங்கள். தோட்டத்துச் செம்மண் தூசி தகடுகளுக்குள் அப்பிக்கொண்டிருக்கும். விசிறிப் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், ஜெட் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், மாற்றினால் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கூலண்ட் குழாய் முன்னிருந்து பின்வரை நீளமானது, நடுவில் காற்று சிக்கினால் சுற்றோட்டமே கெட்டுவிடும். நான் அவசரப்பட்டு இதை விட்டுவிட்டு, இரவில் பாதி வழியில் நின்றிருக்கிறேன். சூடாக இருக்கும்போது கூலண்ட் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டர்போ உள்ள காடி என்றால் டர்போவுக்கு ஒரு வெப்பப் போர்வை, அதிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப் குழாய்க்கு வெப்பத் துணி. எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைச் சுற்றாதீர்கள், வெடிப்பு விடலாம். துணி சுற்றும்போது கையுறை போடுங்கள், கண்ணாடி இழை அரிக்கும்.

ஓடி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். வீட்டில் பின்மூடியைத் திறந்து வைக்கலாம், பூனை ஏறிப் படுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.