கூட்டத்துல பேசக் கூப்பிட்டாவளா? பேச்ச எழுதுறதுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க

நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தன் கொஞ்சம் படிச்சு வேலைக்குப் போயிட்டான்னா போதும், மகளிர் குழு, ஸ்கூல் ஆண்டு விழா, சங்கத்துப் பொதுக்குழுன்னு எதுலயாச்சும் "ஒரு பத்து நிமிசம் பேசுங்க தம்பி"ன்னு கோத்து விட்டுருவாவ. எனக்கு வந்தது திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்துல ஒரு கிராமத்துல பீடி சுத்துற பொம்பளைங்களோட மகளிர் குழு, தலைப்பு போன்ல பணம் ஏமாத்துறது. நல்லபடியா போச்சு, எப்படித் தயார் பண்ணுனீங்கன்னு கேட்டவங்களுக்குத் தனித்தனியா சொல்லி மாளல, அதான் இங்க எழுதி வைக்கேன். மேடை பயம், குரல் ஏத்த இறக்கம் எல்லாம் இதுல கெடையாது, அதுக்கு யூடியூப்ல வீடியோ குவிஞ்சு கெடக்கு.

ஸ்டெப் 1: தலைப்ப விடுங்க, மத்ததக் கேளுங்க

கூப்பிட்டவங்களுக்கு ஒரு போனப் போடுங்க. யாரு வருவா, எத்தன மணிக்கு, தரையிலயா சேர்லயா, மைக் உண்டா, முக்கியமா கூட்டம் முடிஞ்சதும் அவங்களுக்கு என்ன வேல. நான் கேட்டப்ப குழுத் தலைவி அக்கா சொன்னது: "நாலு மணிக்கு மேல ஒருத்தி இருக்க மாட்டா தம்பி, சுத்துன பீடியக் குடுக்க பீடிக்கடைக்குப் போணும்லா." அவ்வளவுதான், என் பேச்சோட நீளம் அங்கயே முடிவாயிட்டு.

இன்னொன்னும் சொன்னாவ, எல்லாரும் சுளகோட தான் வருவாவன்னு. மடியில சுளகு, அதுல வெட்டுன இலையும் தூளும், கை பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு தான் கூலி, நமக்காக அரை மணி நேரம் கைய நிப்பாட்டுன்னு சொன்னா அது அவங்க காசு. கண்ணு இலை மேல, கை நூலு மேல, நமக்குக் கெடைக்கது காது மட்டும் தான். இது தெரிஞ்ச உடனே புரொஜெக்டர், பிபிடி, நோட்டீஸ் எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டேன். (பிபிடி எனக்கு எப்பவுமே ஆகாது, அது வேற கத.)

விவசாயிங்க கூட்டம்னா இதே கேள்வி தான், பிசான நெல் நடவு மும்முரமா நடக்கும்போது கூட்டம் வச்சா நாற்காலி தான் கேக்கும். மேலப்பாளையத்துல வெள்ளிக்கிழம மத்தியானத் தொழுக நேரமும், கோயில் கொடைத் திருவிழா நடக்க ஊர்ல அந்த வாரம் பூராவும் அப்படித்தான். தேதிய மாத்த முடியுமான்னு தயங்காம கேளுங்க, நெறைய எடத்துல மாத்திக் குடுப்பாவ.

ஸ்டெப் 2: கேக்கப் போறவங்கள்ல ரெண்டு மூணு பேர்ட்ட முன்னாடியே பேசுங்க

எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இது, எனக்கு ரொம்ப இழுத்ததும் இது தான். ஏன்னா நேரா போய் "ஆன்லைன் மோசடி பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்?"னு கேட்டா வர்ற பதில் ஒன்னே ஒன்னு தான், "எங்களுக்கு என்ன தெரியும், நீங்களே பாத்து சொல்லுங்க தம்பி." அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. என்ன வேணும்னு கேக்காதீங்க, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கடைசியா ஏடிஎம்ல பணம் எடுத்தது யாரு? தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா வீட்டுல யாரு எடுப்பா? மெசேஜ் வந்தா யாரு படிச்சுச் சொல்லுவா?

இப்படிக் கேட்டதும் ஒரு ஆச்சி சுருக்குப்பையத் தெறந்து ஏடிஎம் கார்ட எடுத்துக் காட்டுனாவ. பிளாஸ்டிக் உறை, உறைக்குள்ள கார்டு, கார்டோட ஒட்டி நாலா மடிச்ச துண்டுச் சீட்டு, சீட்டுல பின் நம்பர். "பேரன் பாளையங்கோட்டையில படிக்கான்யா, சனிக்கெழம வந்தா எடுத்துத் தருவான், அவன் வரலன்னா எதுத்த வீட்டுப் பய." என் பேச்சுல மொத வரி என்ன தெரியுமா, "பின் நம்பர யாருட்டயும் சொல்லாதீங்க." அதச் சொன்னா எல்லாரும் நல்லா தலையாட்டுவாவ, சனிக்கெழம சீட்டோட கார்டு பேரன் கைக்குப் போவும்.

அதனால அந்தப் பகுதியவே மாத்தி எழுதுனேன். அடுத்தவங்கள்ட்ட பின் நம்பரக் குடுக்கதே பேங்க் விதிப்படி தப்பு, அதச் சொல்லிட்டு, கூடவே நாளைக்கே செய்ய முடிஞ்சதையும் சொன்னேன். சீட்டயும் கார்டயும் பிரிச்சு வைங்க. பணம் எடுத்துட்டு வந்தா எவ்வளவு எடுத்ததுன்னு வந்த மெசேஜ வேற ஒருத்தர்ட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. போன்ல கேக்கவன் எந்த ஆபீசர்னு சொன்னாலும் நம்பர் கெடையாது.

அங்கயே இன்னொரு மைனி சொன்னது, "உரிமைத் தொக நின்னு போவும்னு ஒருத்தன் பயங்காட்டுனா நாங்க ஓடிபி என்ன, எல்லாத்தயும் சொல்லிருவோம்." கவர்மெண்டு 2023 செப்டம்பர்ல மாசம் 1000 ரூபாயா ஆரம்பிச்ச அந்த மகளிர் உரிமைத் தொக நின்னுருமோங்கிறது தான் அவங்க பயம். பேச்ச எங்க ஆரம்பிக்கணும்னு அதுக்கப்புறம் நான் யோசிக்கவே இல்ல.

ஸ்டெப் 3: வீட்டுக்குப் போனதும் என்ன செய்யணும்?

இதுக்குப் பதில ஒரு வரில எழுதுங்க, ரெண்டு வரி ஆனாலும் சரி, மூணுக்குப் போவாதீங்க. என்னோடது: ஜிபே மாதிரி போன் ஆப்ல நமக்குப் பணம் வர்றதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, பின் நம்பர் போட்டா நம்ம பணம் தான் போவும். பணம் போயிட்டா அழுதுக்கிட்டு இருக்காம உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்குப் போன் போடணும். இதுக்கு ஒத்தாச பண்ணாதது எல்லாம் வெட்டு. போலீஸ்னு சொல்லி வீடியோ கால்லயே கைதுன்னு மெரட்டிப் பணம் புடுங்குற டிஜிட்டல் அரெஸ்ட் பத்தி ஆச ஆசையா சேத்து வச்சிருந்தேன், அப்படி ஒன்னு சட்டத்துலயே கெடையாதுன்னு ஒரே வாக்கியமா சுருக்கிட்டேன்.

ஸ்டெப் 4: வாயால எழுதுங்க

பேனாவ எடுத்தா நமக்கு "இன்றைய காலகட்டத்தில்"னு தான் வரும், அது நம்ம ஸ்கூல் கட்டுரைப் போட்டி செஞ்ச வேல. போன்ல கூகுளோட ஜிபோர்டு கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங்க ஆன் பண்ணிட்டு, எதுக்க அந்த ஆச்சி உக்காந்திருக்கதா நெனச்சுப் பேசுங்க. நம்ம "போணும்லா", "வாராவ"வ எல்லாம் அது கண்டபடி அடிச்சு வைக்கும், பரவால்ல, யோசன ஓட்டம் தான் நமக்கு வேணும். அப்புறம் அதுல இருந்து வார்த்தைகள மட்டும் ஒரு அட்டையில எழுதிக்கோங்க. வீட்டுல கெடக்க பழைய கல்யாணப் பத்திரிகையோட வெள்ளப் பக்கம் இதுக்கு அம்சமா இருக்கும், ஃபேன் காத்துல படபடன்னு அடிக்காது. போனப் பாத்துப் பேசாதீங்க, பாதில லாக் ஆவும், இல்லன்னா உங்க வீட்டுல இருந்தே கால் வரும்.

ஸ்டெப் 5: காதுக்குப் பேசுங்க

ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பதுன்னு சொன்னா யாருக்கும் விரல் பட்டனுக்குப் போவாது. ஒன்னு, ஒம்பது, மூணு, சைபர்னு சொல்லணும், அவங்கள திருப்பிச் சொல்ல வைக்கணும், நடுவுல வேற கத பேசிட்டு மறுபடி கேக்கணும். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு பட்டன் போன்ல 2ஐ அமுக்கிப் பிடிச்சா கால் போற மாதிரி ஸ்பீட் டயல் வச்சுக் குடுங்க. கூட்டத்துக்கு வந்த காலேஜ் பிள்ளைங்கள்ட்ட இந்த வேலைய ஒப்படைச்சா ஜோரா முடிச்சிருவாவ. ஒரு அக்கா அந்த நம்பர "பணம் போச்சு"ன்னு பேரு போட்டு சேவ் பண்ணுனாவ, அத விட நல்ல பேரு எனக்கும் தோணல.

அப்டேட்: முன்னாடியே போய்ப் பேச முடியலன்னா என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி போயி மேடைப் பக்கம் போவாம அவங்களோட உக்காருங்க, காப்பித் தண்ணி குடிக்க நேரத்துல பாதி விசயம் வந்துரும்.

அப்டேட் 2: ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கேட்டவருக்கு: அங்க வந்திருக்க அம்மா அப்பா எல்லாம் பிள்ள டான்ஸப் பாக்க வந்தவங்க, அதுக்கு முன்னாடி நாலு நிமிசத்துக்கு மேல மைக்க வச்சிருந்தா உங்க பேரு ஊருக்குள்ள வேற மாதிரி அடிபடும். தலைம விருந்தினர் லேட்டா வந்து உங்க நேரத்தப் பாதியாக்குனா எத விடணும்னு அட்டையிலயே செவப்பு மையில கோடு போட்டு வச்சுக்கோங்க, மேடையில நின்னு யோசிக்க நேரம் இருக்காது. சால்வ போடுறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்னும் கேட்டு வச்சுக்கோங்க, அது நம்ம பேச்ச விட நீளமா போவும்.