கருத்தடை மாத்திரை போட்டும் நாள் தள்ளிப்போகிறதா? இரண்டு அட்டைகளுக்கு நடுவே பாருங்கள்

வடசென்னையில் குடும்பநல ஆலோசனை சொல்லும் செவிலியர் நான். "மாத்திரை போட்டும் நாள் தள்ளிப்போச்சு சிஸ்டர்" என்று வருபவர்களிடம் முதலில் அட்டையைத்தான் கேட்பேன். மாத்திரையை மறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். இருபத்து நான்கு வயதில் நான் செய்த தவறை, போன வாரம் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி அப்படியே செய்துவிட்டு வந்தாள்.

ஒவ்வொரு அட்டைக்கும் 'அஞ்சாம் நாள்' பார்ப்பது

முதல் அட்டையை மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்கச் சொல்வோம். அந்தக் கணக்கு முதல் அட்டைக்கு மட்டும்தான்.

மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. இரும்பு மாத்திரை போடும் ஏழு நாளில் உடம்புக்கு ஹார்மோன் கிடைப்பதில்லை. அடங்கிக் கிடந்த சினைப்பை மறுபடி வேலையைத் தொடங்கும். எட்டாம் நாள் புது அட்டை ஆரம்பித்தால் அது அடங்கிவிடும். இடைவெளி ஒன்பது, பத்து நாளானால் கருமுட்டை வெளிவந்துவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அந்த ஏழையும் தூக்கிப் போட்டுவிட்டாள். அதில் தப்பில்லை, ஆனால் நாள் கணக்கும் கூடவே போய்விட்டது. கடைசி ஹார்மோன் மாத்திரை ஞாயிறு. விலக்கானது வெள்ளி. முழுக்க நின்று, தலைக்குக் குளித்துவிட்டு, வியாழனன்று புது அட்டையைப் பிரித்திருக்கிறாள். பத்து நாள் இடைவெளி! "அஞ்சாம் நாளுக்கு மேலதானே அக்கா போடணும்?" என்று கேட்கிறாள்.

நானும் இப்படித்தான் உதிரம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். மூத்தவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகாதபோது அடுத்தது தங்கிவிட்டது. அட்டையைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். இன்றைக்கும் சொல்லாமல் கொடுக்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

உதிரம் வந்தாலும் வராவிட்டாலும் 29-ஆம் நாள் புது அட்டை. தாமதமாகிவிட்டால் உடனே தொடங்குங்கள், ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். தாமதமான நாட்களில் ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், அது நடந்த 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் இரண்டு ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து விட்டுப்போனால், மிச்ச ஹார்மோன் மாத்திரைகளை முடித்து, இரும்பைத் தவிர்த்து, நேரே அடுத்த அட்டைக்குப் போங்கள். அங்கேயும் ஏழு நாள் ஆணுறை.

காசநோய் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். வலிப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். சளிக்கு எழுதித் தரும் சாதாரண ஆன்டிபயாடிக் பற்றிப் பயம் வேண்டாம்.

வாந்தி

ஹார்மோன் மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

சாயாவுக்கும் இதே கணக்கா?

இல்லை. சாயா ஹார்மோன் இல்லாத வேறொரு கருத்தடை மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை.

தெரியாமல் போட்டதற்காக நடுங்குவது

அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தது. "இத்தனை நாள் மாத்திரை போட்டேனே, புள்ள ஊனமா பொறக்குமா?" என்று அழுதாள். கரு தங்கியது தெரியாமல் போட்ட கருத்தடை மாத்திரையால் குழந்தைக்குக் குறை வருவதாகத் தெரியவில்லை. இதை இரண்டு முறை சொன்ன பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன்.