சட்டைக் காலரோடு சண்டை போடாதீர்கள்

பள்ளி விட்டு வரும் பிள்ளையின் காலர், வாயில் வைத்துக் கடித்ததில் நனைந்து சுருண்டு கிடக்கிறது. சட்டையின் கைநுனியில் பொத்தல். முதல் நாள் "ஏன் கண்ணு இப்படி?" என்று கேட்கிறோம். பத்தாம் நாள் அது அதட்டலாகிவிடுகிறது: "வாயிலிருந்து எடு!" ஒரு மாலைக்குள் இதை எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணினால் நமக்கே கூச்சமாக இருக்கும். நான் ஒருநாள் எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், சொல்வதை நிறுத்தவில்லை.

எல்லோரும் செய்கிற தவறு இதுதான். சொன்னதும் பிள்ளை எடுத்துவிடும். இரண்டே நிமிடத்தில் காலர் மறுபடி வாய்க்குள் போய்விடும். வேண்டுமென்றே மீறுகிறது என்று நமக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலும் துணி வாய்க்குப் போனதே பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் செய்வதற்குத் திட்டு வாங்கினால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் தாடை இன்னும் இறுகக் கடிக்கும். போதாததற்கு, கடிக்கும்போதெல்லாம் அம்மாவோ அப்பாவோ ஓடி வருகிறார்கள் என்பதும் மனதில் பதிந்துவிடுகிறது. திட்டாக இருந்தாலும் அது கவனம்தானே.

கடிப்பதால் பிள்ளைக்கு ஏதோ கிடைக்கிறது. கைக்குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. இரண்டு வயதுக்குப் பிறகு அது மெல்லக் குறையும். ஆனாலும் தாடையை அழுத்தி மெல்லும்போது கிடைக்கும் நிதானம் பெரியவர்களையும் விடுவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்குக் கைக்கு எட்டுவது காலர், அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டியது "எப்படி நிறுத்துவது" என்பதை விட "எப்போது கடிக்கிறது" என்பதை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, சற்று முன் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கவிருந்தது. வீட்டுப்பாடத்தின்போது மட்டும் என்றால் கவனத்தைக் குவிக்கத் தாடை துணை செய்கிறது. டிவி முன்னால் என்றால் சும்மா இருக்கும் வாய்க்கு ஒரு வேலை. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் பசியாகவும் இருக்கலாம். ஆறு வயதையொட்டியும் பன்னிரண்டு வயதையொட்டியும் புதுக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அப்போது ஈறு குடைவதாலும் கடிக்கத் தோன்றும். திடீரென்று தொடங்கியிருந்தால் வீட்டிலோ பள்ளியிலோ என்ன மாறியது என்று பாருங்கள்: புதுத் தம்பி தங்கை, வீடு மாறியது, வகுப்பில் யாரோ சீண்டுவது.

என் மகளின் நோட்டில் தெரிந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. மாலை டிவி நேரத்தில் கடிப்பாள், அது எனக்குத் தெரியும். ஆனால் சில காலைகளில் பள்ளி வண்டி ஏறும் முன்பே கைநுனி நனைந்துவிடும். தேதிகளை வைத்துப் பார்த்தால், வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டிய நாட்கள் அவை. மூன்று மாதம் நான் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிரச்சினை பாடப் புத்தகத்தில் இருந்தது.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர்: ஒரு வாரம் கடித்ததைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தேடி, பிள்ளைக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை) என்று தாங்களே பெயர் வைத்துவிடுவது. அந்தப் பிள்ளைகளிடம் இப்படி மெல்லும் தேவை அதிகம் காணப்படுவது உண்மை. அதற்காகக் காலர் கடிப்பது மட்டுமே அதற்கு அடையாளம் ஆகிவிடாது. பேச்சு, பழகும் விதம், சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவது போன்றவற்றிலும் கேள்வி இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கசப்பு தடவுவது, மிளகாய் தடவுவது. இதை யார் முதலில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, தலைமுறை தலைமுறையாக வருகிறது. நகம் கடிப்பதற்கென்று விற்கும் கசப்புத் திரவம் நகத்துக்கானது; துணியில் ஊற்றினால் அது கைக்கும் கண்ணுக்கும் போகும். மிளகாய் தடவுவது வெறும் கொடுமை. இரண்டுமே காலரைக் காப்பாற்றலாம், கடிக்கும் தேவையை ஒன்றும் செய்யாது. காலர் இல்லாத சட்டை போட்டுவிட்டாலும் அதே கதைதான். வாய் நகத்துக்கோ, உதட்டுக்கோ, பென்சிலுக்கோ நகரும். முடிக்கு நகர்ந்தால் காலரே தேவலை என்றாகிவிடும். விழுங்கிய முடி செரிக்காது, வயிற்றில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு.

எடுப்பதற்கு முன் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் நன்றாகக் கடித்து மெல்ல வேண்டிய ஏதாவது தின்னட்டும். ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில் மேஜையில் இருக்கட்டும், உறிஞ்சுவதும் தாடைக்கு வேலைதான். சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, கனமான பையைத் தூக்கி வைப்பது, குதிப்பது என்று உடம்பு முழுவதற்கும் அழுத்தம் கிடைத்தால் வாயின் தேவை குறையும் பிள்ளைகளும் உண்டு.

மெல்லுவதற்கென்றே சிலிகான் பொருட்கள் விற்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு உதவுகின்றன. தவறு நடப்பது கழுத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடுவதில். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் இதற்காகவே எச்சரித்தது: பல் முளைக்கும் வலிக்கோ புலன் தூண்டலுக்கோ என்று குழந்தைகளுக்கு மாட்டும் மாலைகளும் கைவளைகளும் கழுத்தை இறுக்கலாம், மணி உதிர்ந்து தொண்டையில் அடைக்கலாம் என்று. தூங்கும்போது அப்படியொரு மாலை இறுக்கிப் பதினெட்டு மாதக் குழந்தை இறந்ததையும் அதில் சொல்லியிருந்தார்கள். பென்சில் முனையில் செருகுவது போன்ற, கழுத்துக்குப் போகாத வகை மேல். அதிலும் விரிசல் விழுந்ததா என்று தினமும் பாருங்கள், விழுந்தால் தூக்கிப் போடுங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை, தானே விட நினைத்தால், இன்னொரு வழி இருக்கிறது. 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட பழக்க மாற்றப் பயிற்சி. கை காலருக்குக் கிளம்பும் அந்த நொடியைப் பிள்ளையே கவனிக்கப் பழக வேண்டும். கவனித்ததும், கடிப்பதோடு சேர்ந்து செய்யவே முடியாத ஒன்றை ஒரு நிமிடம் செய்ய வேண்டும்: கையை முட்டியாக மடக்கித் தொடையில் அழுத்துவது, உதட்டை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. எது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். செய்ததைப் பார்த்துப் பாராட்ட ஒருவர் வேண்டும். ஞாபகப்படுத்துவதற்கு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சைகை போதும், தோளில் ஒரு தட்டுபோல. மூன்று வயதுக் குழந்தையிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

பரிசில் கோட்டை விடுவதும் உண்டு. "ஒரு மாதம் கடிக்காமல் இருந்தால் சைக்கிள்" என்பார்கள். ஏழு வயதுக்கு ஒரு மாதம் என்பது ஒரு யுகம். இரண்டாம் நாள் ஒருமுறை கடித்துவிட்டால் சைக்கிள் போயிற்று, முயற்சியும் போயிற்று. சாப்பாட்டிலிருந்து படுக்கைக் கதை வரை என்று சின்னதாக வையுங்கள். விருந்தாளி முன் பொத்தலைக் காட்டிச் சிரிப்பது, "தங்கச்சிகூட இப்படிப் பண்றதில்ல" என்பது, இவை பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வேண்டாம்.

கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவெடுத்தால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: முதல் சில நாட்கள் கடிப்பது கூடலாம். முன்பு கிடைத்த கவனம் எங்கே என்று பிள்ளை தேடுகிறது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து கத்திவிட்டால், இன்னும் கொஞ்சம் கடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அம்மா கண்டுகொள்ளாமல் இருக்க, தாத்தா அதட்டிக்கொண்டிருந்தாலும் இதேதான்.

நூலையும் பிசிறையும் விழுங்குவது தெரிந்தால் வேறு கதை. மண், காகிதம், சுண்ணாம்பு என்று உணவல்லாததைத் தின்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பைக்கா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். இரும்புச்சத்துக் குறைவு அதோடு சேர்ந்து காணப்படுவதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். வயிற்று வலி, வாந்தி, மலச்சிக்கல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பட்டனோ ஜிப் முனையோ வாய்க்குள் போகும் உடைகளை ஒதுக்கிவிடுங்கள். தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகவே அழுதால் குழந்தை உளவியலாளரிடம் போகும் நேரம் அது. புது மருந்து தொடங்கியதை ஒட்டிக் கடிப்பது வந்திருந்தால், மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என் மகளோடு வாசிப்பு நாட்களுக்கு முந்தைய இரவு அந்தப் பக்கத்தை இரண்டு முறை சத்தமாக வாசிக்கத் தொடங்கினோம். காலை நேரக் கடி சில வாரங்களில் குறைந்தது. டிவி நேரக் கடி வெகு நாள் போகவில்லை, இன்றும் சில நாள் எட்டிப் பார்க்கும். ஈரத் துணி உரசியே கழுத்தும் வாயோரமும் சிவந்து எரியும் என்பதால் பையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை இருக்கிறது. நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுவிடும்போது நான் சட்டையைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. பள்ளியில் என்ன விளையாடினாள் என்று கேட்பேன்.