"செனாப் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்": செய்தியைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது எப்படி?

பாகிஸ்தானுக்குப் போகும் ஆற்றுநீரை இந்தியா நிறுத்திவிட்டது என்று செய்தி வந்தால், முதலில் எந்த ஆறு என்று பாருங்கள். 1960 செப்டம்பர் 19-இல் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தப்படி ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. அவற்றில் இந்தியா நிபந்தனைகளோடு மின்சாரம் எடுக்கலாம், ஓரளவு பாசனமும் செய்யலாம். ராவியில் அணை கட்டினால் அது ஒப்பந்த மீறலே அல்ல.

அடுத்து அலகு. பாகிஸ்தான் செய்திகளில் வரும் 10 லட்சம் ஏக்கர் அடி என்பது 43.56 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி), அதாவது மேட்டூர் அணையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. ஓடும் நீரையும் தேங்கிய நீரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இனி அணைக்கு வாருங்கள். செனாப்பில் உள்ள இந்திய அணையான பாக்லிஹாரில் மின் உற்பத்திக்காக ஏற்றி இறக்கக்கூடிய நீரை 3.256 கோடி கன மீட்டர் என்று 2007-இல், இரு நாட்டுத் தகராறைத் தீர்க்க ஒப்பந்தப்படி நியமிக்கப்பட்ட நடுநிலை நிபுணர் வரையறுத்தார். அது வெறும் 1.15 டி.எம்.சி. ஆற்றில் விநாடிக்கு 20,000 கன அடி வந்தால் 16 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 50,000 வந்தால் ஆறரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு வரும் நீரைக் கீழே விட்டே ஆக வேண்டும். ஆற்றையே நிறுத்திவைக்க இந்த அணையால் முடியாது.

ஆனால் இதோடு கணக்கை மூடிவிடாதீர்கள். வண்டலை வெளியேற்ற அடிமதகுகளைத் திறந்து அணையைக் காலி செய்தால், மறுபடி நிரப்பப் பல மடங்கு நீர் வேண்டும். அதனால்தான் செனாப் அணைகளை ஜூன் 21 முதல் ஆகஸ்ட் 31-க்குள், செனாப் பாகிஸ்தானுக்குள் நுழையும் இடத்தில் உள்ள மராலா தடுப்பணைக்கு மேலே வரத்து விநாடிக்கு 55,000 கன அடிக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும் என்கிறது ஒப்பந்தம். எனவே செய்தியின் தேதி முக்கியம். மே மாதத்தில் நிரப்பினால் பாகிஸ்தான் பஞ்சாபில் நெல் நாற்றுக்கான நீரில் கை வைத்ததாகும்.

2025 ஏப்ரல் 23-இல் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. ஒருதலையாக நிறுத்திவைக்க அதில் பிரிவு எதுவும் கிடையாது. இரு அரசும் ஒப்புக்கொண்டு வேறொரு ஒப்பந்தம் செய்தால்தான் அது முடிவுக்கு வரும் என்கிறது 12-ஆம் பிரிவு. அறிவிப்பு வந்ததாலேயே அணையின் கொள்ளளவு கூடிவிடாது.

கடைசியாக மராலா வரத்தை ஒரு நாளுக்கு மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்துக்குப் பாருங்கள். ஒரு நாள் சரிந்து மறுநாள் எகிறினால், தேக்கித் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். நாள்கணக்கில் குறைந்தே இருந்தால் மேலே மழை, பனியுருகல், அணை நிரப்புதல் மூன்றையும் பார்த்த பிறகே காரணம் சொல்லுங்கள். சரிவைவிட அந்த எகிறல்தான் ஆபத்து: முன்னறிவிப்பு இல்லாவிட்டால் கரையோரத்தில் இருப்பவர்கள் ஆடுமாடுகளோடு மேடேற நேரமிருக்காது.