நெஞ்செலும்பு கூடும்வரை: பைபாஸ் முடிந்து வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இதய பைபாஸ் அறுவை முடித்துக்கொண்டு, சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்துக்கு ஒருவர் திரும்பினால், பார்க்க வருகிற எல்லாரும் இதயத்தைப் பற்றியே விசாரிப்பார்கள். எத்தனை அடைப்பு, காலிலிருந்து எத்தனை குழாய் எடுத்தார்கள் என்று கேட்பார்கள். அடைப்புக்கு வழி செய்தாகிவிட்டது. அடுத்த 12 வாரத்துக்கு வீட்டார் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது, இதயத்துக்கு முன்னால் இருக்கும் நெஞ்செலும்பை.

பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 15 முதல் 17 சென்டிமீட்டர் நீளம். மூன்று பகுதிகள் கொண்டது: மேலே அகலமான துண்டு, நடுவே நீண்ட பகுதி, அடியில் சிறு முனை. இரண்டு காறை எலும்புகளும் மேல் துண்டில் வந்து பொருந்துகின்றன. மேலிருந்து ஏழு ஜோடி விலா எலும்புகள் குருத்தெலும்பு வழியாக இதில் சேர்கின்றன. மார்புத் தசையும் இங்கிருந்து கிளம்பித்தான் மேற்கையைப் பிடித்திருக்கிறது. கையை வீசினாலும் இழுத்தாலும் நெஞ்செலும்பு இழுபடுவதற்கு அதுதான் காரணம்.

அறுவையின்போது இந்த எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளந்து, முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பியின் வேலை இரண்டு பாதிகளையும் அசையாமல் பிடித்திருப்பது மட்டுமே. எலும்பு தானாகத்தான் கூட வேண்டும். ஓரளவு கூட 6 முதல் 8 வாரம், நல்ல உறுதி பெற 3 மாதம் ஆகும். அதற்குள் பலமாக இழுத்தால் கம்பி அறும். இல்லாவிட்டால், வயதாகி எலும்பு மெலிந்தவர்களுக்கு, கம்பியே எலும்பை அறுத்துக்கொண்டு வரும். இரண்டாவது வகை மோசமானது, திரும்பக் கட்டுவதும் சிரமம்.

வீட்டுக்கு ஒரே விதி: முழங்கைகள் விலாவை விட்டு விலகக்கூடாது. கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது சாப்பிடலாம், சட்டைப் பொத்தான் போடலாம், சிறு பொருளை எடுக்கலாம். அதே பொருளைக் கை நீட்டி எடுத்தால் எலும்பின் மேல் விழும் இழுவை பல மடங்கு. எடைக் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பெரும்பாலும் 2 முதல் 4 கிலோ வரை என்பார்கள்; உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் உள்ளதே உங்களுக்கு. அரை வாளித் தண்ணீரே 5 கிலோ என்பதை மறக்க வேண்டாம். கேஸ் தோம்பு, 5 கிலோ எண்ணெய்ப் புட்டி, பேரப்பிள்ளை எதையும் தொடக்கூடாது. யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று வாசல் இரும்பு கேட். துருப்பிடித்த தண்டவாளத்தில் அதை இழுப்பது ஒரு பக்கக் கையால் செய்யும் முழு பலத்து இழுவை. துணி பிழிவது, தேங்காய் துருவுவது, முறுக்கு பிழிவது, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவது எல்லாம் இதே கணக்கு.

படுக்கையிலிருந்து எழுப்பும்போதுதான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. மகன் அன்போடு அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்குவார். அல்லது அக்குளில் கை கொடுத்து நெம்புவார். இரண்டும் எலும்பை இரண்டு பக்கமாகப் பிரிக்கும். சரியான முறை இது. நோயாளி முழங்காலை மடக்கி, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகப் புரள வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்க வேண்டும். கால் இறங்கும் கனத்திலேயே உடம்பு மேலே வரும். உதவுகிறவர் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து முதுகைத் தாங்கினால் போதும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கலாம். நாற்காலியிலிருந்து எழும்போது முன்னால் நகர்ந்து, மூக்கு பாதத்துக்கு நேராக வரும்வரை குனிந்து, தொடை பலத்தில் எழ வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுப்பதும், குந்தி உட்காரும் கழிப்பறையும் இப்போதைக்கு வேண்டாம். லயத்து வீட்டில் குந்தும் கழிப்பறை மட்டும் இருந்தால், மேலே வைக்கும் நாற்காலி மருந்துக்கடையில் கிடைக்கும்.

இருமலைப் பயந்து அடக்குகிறவர்கள் பலர். அடக்கினால் நுரையீரல் அடியில் சளி தங்கிக் காய்ச்சல் வரும். ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இரும வேண்டும், தும்மலுக்கும் அதேதான். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 முறை மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். கருவியில் ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். முக்குவதும் எலும்புக்கு ஆகாது. டிராமடோல் போன்ற வலி மருந்து மலச்சிக்கல் தரும் என்பதால் பப்பாளி, கீரை, மருத்துவர் அனுமதித்த அளவு தண்ணீர் தினமும் இருக்கட்டும்.

புண்ணை மென்மையான சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, தேய்க்காமல் சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், காமாட் (கடல் அட்டை) எண்ணெய், தைலம், பவுடர் எதுவும் அதன் மேல் படக்கூடாது. கோயில் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும். பெண்களுக்கு மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத மென்மையான பாடியை இரவிலும் அணிவது வலியைக் குறைக்கும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பல அம்மாக்கள் வாரக்கணக்கில் வலியைத் தாங்குகிறார்கள். மகளோ மருமகளோ தாதியிடம் தாங்களாகவே கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு எலும்பில் கிருமி பிடிக்கும் வாய்ப்பு அதிகம். குளுக்கோமீட்டரில் தொடர்ந்து 10-க்கு (mmol/L) மேல் காட்டினால், அடுத்த அப்பாய்ன்மென்ட் வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். சிகரெட் புகை எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வீட்டில் வேறு யாரும் புகைப்பதும் கூடாது. முட்டை, மீன், பருப்பு, தவ்வு (டோஃபு) வேளாவேளைக்கு வேண்டும். ஹாருவான் (விரால்) மீன் சூப் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல புரதம். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு 8-க்கு மேல் கூடாது. பனடோலும் அதே மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறும். கல்லீரல் கோளாறு இருந்தால் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவருக்கு ஆகாது: மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நெஞ்சுக்குள்ளிருக்கும் ரத்தக் குழாயை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், பெரும்பாலும் இடது பக்கம், மரத்துப்போனது போலவோ எரிவது போலவோ மாதக்கணக்கில் இருக்கும். அது ஆபத்தில்லை.

காரில் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். முன்னால் காற்றுப் பை வெடித்தால் நேராக நெஞ்சில்தான் அடிக்கும். பெல்ட் கட்டாயம், அதற்கும் நெஞ்சுக்கும் நடுவே மடித்த துண்டு வைக்கலாம். செம்மண் தோட்டப் பாதையில் தலையணையை அணைத்துக்கொள்வது உதவும். கார் ஓட்டுவது 6 வாரத்துக்கு முன் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு 12 வாரம், பின்னால் உட்கார்ந்து போவதற்கும் சேர்த்துத்தான்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்: மூச்சு விடும்போதோ புரளும்போதோ எலும்பு ‘க்ளிக்’ என்று உரசுவது, கையை வைத்தால் இரண்டு பாதியும் தனித்தனியாக அசைவது, புண்ணிலிருந்து சீழோ கலங்கிய நீரோ வருவது, சிவப்பு பரவுவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று கூடுவது. வெளிப்புண் ஆறியது போலிருந்தாலும் உள்ளே சீழ் கட்டலாம் என்பதால், காய்ந்துவிட்டதே என்று பொறுக்காதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சை அழுத்தும் வலியோ வந்தால் 999. மயங்கி விழுந்து மூச்சு நின்றுவிட்டால், கம்பி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எலும்பை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

வேலைக்குத் திரும்புவதில் அவசரம் வேண்டாம். செம்பனைக் குலை ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். உயரமான மரத்தில் நீளக் கம்பு அரிவாளை இழுத்து வெட்டுவது நெஞ்செலும்புக்கு ஆகப் பெரிய சோதனை. மூன்று மாதம் முடிந்து, எலும்பு கூடியதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகும், அந்த வேலைக்கே போகலாமா என்று தனியாகக் கேளுங்கள். ரப்பர் பால்வெட்டுக்கும் இதே கேள்வி உண்டு. எம்சி (மருத்துவ விடுப்பு) முடியும் முன்பே, இலகு வேலை என்று குறிப்பிட்டு, எத்தனை கிலோ வரை, எத்தனை மாதம் என்று எழுதிய கடிதத்தை மருத்துவரிடம் வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலையைச் செய்யவே முடியாது என்றால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் இயலாமை ஓய்வூதியத்தையும் பற்றி அருகிலுள்ள அலுவலகத்தில் கேட்கலாம். டிஸ்சார்ஜ் தாளும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும்.