வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் பார் கவுன்சில் என்ரோல்மென்ட்டுக்குப் போகிறீர்களா?

விண்ணப்பம் போட்டாயிற்று, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்தாயிற்று, தேதியும் வந்துவிட்டது என்றால் பெரிய கஷ்டமெல்லாம் தாண்டியாயிற்று. விழா என்று பெயர்தானே ஒழிய, அன்றைக்குப் பெரும்பாலும் வரிசையில் நிற்பீர்கள், உட்கார்ந்திருப்பீர்கள், பெயர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். உறுதிமொழி எடுப்பது சில நிமிட வேலை. அதனால் காத்திருக்கத் தயாராகப் போங்கள், காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம் என்றே ஒரு நிலையம் உண்டு, அதில் இறங்கினால் போதும்; பாரிமுனை நெரிசலில் காரை எங்கே நிறுத்துவது என்று அப்பாவைத் தவிக்க விடாதீர்கள். வளாகத்தில் 2015லிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் சோதனை இருக்கிறது. கூட வரும் ஒவ்வொருவரிடமும் புகைப்பட அடையாள அட்டை இருக்கட்டும், பெரிய பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சித்தி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று வேன் பிடித்து வந்தால் பாதிப் பேர் வெளியே வெயிலில் நிற்க வேண்டியதுதான். அம்மா அப்பாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உடைக்கு வருவோம். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கழுத்தில் இரண்டு பட்டைகளாகத் தொங்கும் வெள்ளை பேண்ட் (band), எல்லாவற்றுக்கும் மேல் கவுன். கால்சட்டை கறுப்போ சாம்பலோ வெள்ளையோ இருக்கலாம், ஜீன்ஸ் கூடவே கூடாது. பெண்கள் அச்சு வேலைப்பாடு இல்லாத வெள்ளை, கறுப்பு அல்லது அடக்கமான நிறத்தில் புடவையோ, வெள்ளை அல்லது கறுப்பில் சுரிதாரோ உடுத்தலாம். கறுப்புக் கோட்டு, பேண்ட், கவுன் அவர்களுக்கும் உண்டு. இதில் பாடாய்ப்படுத்துவது கவுன் இல்லை, அந்தச் சின்ன பேண்ட்தான். சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் கட்டினால் இரண்டு பட்டைகளும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், எல்லாப் புகைப்படத்திலும் அது அப்படியே பதிந்துவிடும். முந்தின நாளே கண்ணாடி முன் ஒரு முறை கட்டிப் பாருங்கள், உபரியாக ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் கவுனை மெட்ரோவிலிருந்தே மாட்டிக்கொண்டு வர வேண்டாம், மண்டபத்துக்குள் நுழையும்போது போட்டால் போதும்.

அசல் சான்றிதழ்களை ஏற்கெனவே காட்டியிருந்தாலும் ஒரு கோப்பில் கொண்டுபோங்கள், நகல்களும் கறுப்பு மை பேனாவும் சேர்த்து. கையெழுத்துப் போடும் இடத்தில் உங்கள் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், பின்னால் வரிசை நகரச் சொல்லித் தள்ளினாலும் சரி. இன்றைக்கு ஒரு எழுத்து பிசகினால் அதைத் திருத்த அப்புறம் மனு, அஃபிடவிட் என்று அலைய வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கறிஞர்கள் சட்டம் 1961ன் 24ஆம் பிரிவு மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய் என்றுதான் சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100, 25. முத்திரைத் தீர்வை தனி. இதற்கு மேல் என்ரோல்மென்ட் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. எது கட்டினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உறுதிமொழியை ஒருவர் வாசிக்க எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்வீர்கள். முணுமுணுக்காமல் வாய்விட்டே சொல்லுங்கள், வாழ்க்கையில் ஒரு தடவைதான். போன் சைலன்ட்டில் இருக்கட்டும். நீதிபதி பேசும்போது செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முடிந்ததும் வளாகத்தில் 1892ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம் பின்னால் தெரிய, அனுமதிக்கும் இடத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். கோர்ட் அறைகள் பக்கம் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை, ஒரே நாளில் என்ரோல் ஆன நண்பர்களுக்குள் யார் சீனியர் என்று சண்டை வந்தால் சட்டத்திலேயே விடை இருக்கிறது: வயதில் மூத்தவர்.

வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை இன்னும் எழுதாதவர்கள் என்ரோல் ஆன நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேற வேண்டும். தேதியை அன்றைக்கே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள், ஜூனியராகச் சேர்ந்து வாய்தாவுக்கு ஓட ஆரம்பித்த பிறகு அது ஞாபகம் வராது.