தலையில் அடிபட்ட பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பது எப்படி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னக் கழகத்துக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கபடியும் உதைபந்தாட்டமும்தான். மழை தொடங்கினால் மைதானம் குளமாகிவிடும், கோடையில் அதே நிலம் காய்ந்து கல்லாகிவிடும். இந்த இரண்டு விளையாட்டும் எங்கள் பிள்ளைகளிடம் நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வாவியின் மறுகரையான எழுவான்கரையில் ஓர் இறுதியாட்டம். எங்கள் பின்வரிசைப் பையனுக்குப் பதினாறு வயது. கோர்னர் பந்துக்குப் பாய்ந்தவன் எதிரணிப் பையனோடு தலைக்குத் தலை மோதி விழுந்தான். பத்து விநாடி அசையவில்லை. நான் ஓடிப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றி, "எழும்பு மனே, இன்னும் இருபது நிமிசம்தான்" என்றேன். எழும்பினான், விளையாடினான், வென்றோம். திரும்பி வரும்போது மண்முனைப் பாலத்தில் வைத்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சேர், ஆரு வென்ட?" வான் வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாலம் தாண்டியதும் அதையே திரும்பக் கேட்டான். அப்புறம் வாந்தி எடுத்தான்.

இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தான். அதன் பிறகும் இரண்டு மாதம் வெளிச்சம் பார்க்க முடியவில்லை, புத்தகத்தைத் திறந்தால் தலை இடித்தது. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. அவன் தாய் என் வீட்டுக்கு வந்து, "உங்கள நம்பித்தானே சேர் அனுப்பின. இனி விடமாட்டன்" என்றார். அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று தாய்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மோதி விளையாடும் விளையாட்டுகளின் எதிர்காலம் அந்தத் தாய்மாரின் கையில்தான் இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

முதலில் ஒன்றை மனதில் போடுங்கள். மயங்கி விழுந்தால்தான் மூளைக்கு அடி என்பது பிழை. முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் மோதுவது கேட்கும். மண்டை உடையாமலே உள்ளே மூளை குலுங்குவதுதான் மூளை அதிர்வு. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. தலையில் நேராக அடிபட வேண்டும் என்றும் இல்லை, உடம்பில் விழும் பலத்த இடி தலையை உலுக்கினாலும் போதும்.

பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கழுத்து வலிக்கிறதா, கை கால் விறைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அப்படியே கிடக்கவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். கழுத்தில் பிரச்சினை இல்லையென்றால் எல்லைக்கோட்டுக்கு வெளியே கூட்டிவந்து இருத்துங்கள். "ஓகேயா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ஓம் என்றுதான் சொல்லும். நான் இப்போது கேட்பது: இது எந்த மைதானம்? இது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசிக் கோல் ஆர் அடித்தது? போன ஆட்டம் யாரோடு? ஒன்றில் தடுமாறினாலும் சரி, கண் வெறித்தாலும் சரி, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலும் சரி, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லி, தலை மட்டும் வலிக்கிறது என்றாலும் முடிந்ததுதான். சந்தேகமே போதும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அடையாளம் உடனே தெரியாமல் போகலாம். 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டது. வைத்தியர் பரிசோதித்தார், ஸ்மித் தேறினார், திரும்ப வந்து துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலையில்தான் தலை பாரமாகி விலகினார். அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்வுக்கான முதல் மாற்று வீரர். அணியோடு வைத்தியர் இருந்தும் அப்படி. நமக்கு இருப்பது ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு பஞ்சுச் சுருளும்.

இன்னொன்று, முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் இளம் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம். 2011இல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் ஒரே ரக்பி ஆட்டத்தில் பல தடவை அடிபட்டும் தொடர்ந்து விளையாடி இறந்தான். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் கண்முன் நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது தனியாக விடாதீர்கள், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவும் விடாதீர்கள். தாய் தகப்பனிடம் நேரே சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், காது மூக்கிலிருந்து தெளிந்த நீர் - இதில் எது வந்தாலும், நடுச்சாமமானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வென்ற சந்தோசத்தில் பெரிய பையன்கள் மதுப் போத்தலை நீட்டினால் அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

"ஸ்கானில் ஒன்றும் இல்லையாம் சேர்" என்று மறுநாளே சப்பாத்தோடு வந்து நிற்பார்கள். ஸ்கான் காட்டுவது இரத்தக் கசிவையும் மண்டை உடைவையும். மூளை அதிர்வு பொதுவாக அதில் தெரியாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, கைபேசியும் குறைய வேண்டும். பிறகு மெல்லிய நடை. பாடசாலைக்குப் போய்த் தலைவலி இல்லாமல் படிக்க முடிகிற வரை பயிற்சிக்கு எடுப்பதில்லை. அப்புறம் ஓட்டம், பந்தோடு தனிப்பயிற்சி, மோதல் இல்லாத கூட்டுப்பயிற்சி. ஒரு படிக்கு ஒரு நாளாவது வேண்டும், வலி திரும்பினால் ஒரு படி கீழே. வைத்தியர் சரி சொன்ன பிறகே மோதல். பிரித்தானியாவின் ஊர்மட்ட விளையாட்டுக்கான வழிகாட்டி போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்கிறது. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடி வராமல் குறைப்பது பயிற்சியில்தான். கபடியில் கணுக்காலைப் பிடிக்கப் பாயும் பையனின் தலை, பாடிவருபவனின் முழங்காலுக்கு நேரே போகிறது. தலையைப் பக்கமாக வைத்து, தோளை உள்ளே கொடுத்துப் பிடிக்கப் பழக்குங்கள். கைகோத்து வளைக்கும்போது இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்தால் மண்டை மோதும். யார் காலுக்கு, யார் இடுப்புக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதைபந்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் அடிக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டேன். இங்கிலாந்தில் 11 வயதுக்குட்பட்டோருக்கு 2020 முதல் அப்படித்தான்.

ஏனென்றால் ஒரு பெரிய அடி மட்டும் அல்ல, வருடக்கணக்கான சின்ன அடிகளும் சேர்கின்றன. பந்தைத் தலையால் அடிப்பதில் பேர்பெற்ற இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தபோது, மரண விசாரணை அதிகாரி அதைத் தொழிலால் வந்த நோய் என்றே தீர்த்தார். அதே வருடம் இறந்த அமெரிக்கன் ஃபுட்போல் என்ற, மோதி ஆடும் வேறொரு விளையாட்டின் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் வைத்தியர் பெனட் ஒமாலு சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டார். 2019இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வின்படி, ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு. எங்கள் பிள்ளைகள் அவர்களைப்போல் தினமும் விளையாடுவதில்லை, அதற்காகப் பயந்து மைதானத்தைப் பூட்டச் சொல்லவில்லை. தேவையில்லாத அடியை மட்டும் கழிக்கச் சொல்கிறேன்.

போட்டி நடத்துபவர்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, ஒலிபெருக்கியில் பேசுபவர், தலையில் கட்டோடு திரும்ப இறங்கும் பையனைச் "சிங்கக்குட்டி" என்று புகழ்வதை நிறுத்த வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே வலியை மறைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மற்றது, விதித்தாளில் இதைச் சேருங்கள், அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"தலையில் அடிபட்டதாக நடுவரோ பயிற்றுநரோ சந்தேகித்தால் அந்த வீரர் அன்றைய தினம் மீண்டும் விளையாட முடியாது. அவருக்குப் பதிலாக இறங்குபவர் வழமையான மாற்று எண்ணிக்கையில் சேரமாட்டார்."

உதைபந்தாட்ட விதிகளும் 2024 முதல் போட்டி நடத்துபவர்களுக்கு இப்படி ஒரு மேலதிக மாற்றுக்கு இடம் தருகின்றன. ஆள் குறையும் என்ற பயம் போனால், பையனை வெளியே எடுக்கப் பயிற்றுநரின் கை தயங்காது. இறுதியாட்டத்தில் இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போதும்.